சிவப்புச் சீட்டு ஒட்டப்பட்ட இன்ட்ரான்

1. பிஸ்டன் ரிங் மனிதர்

சிவசங்கர் சார் எங்கள் லேபுக்கு மேனேஜராக வந்த முதல் நாளே என் ஸ்வெட்டரின் மேல் ஒரு சிவப்புச் சீட்டை ஒட்டினார். நல்லவேளை, ஸ்வெட்டர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதற்குள் இல்லை.

லேபைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஓசூர் தொழிற்பேட்டையின் பின்வரிசையில், இந்தப் பக்கம் ஸ்பிரிங் கம்பெனி, அந்தப் பக்கம் பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனி, நடுவில் நாங்கள். கல்லூரிகளும் விதைக் கம்பெனிகளும் சாம்பிள் அனுப்புவார்கள். அதிலிருந்து டி.என்.ஏ. பிரித்து, சீக்வென்சரில் ஓட்டி, எழுத்து எழுத்தாகப் படித்து டேட்டா கொடுப்போம். ஆட்டோக்காரரிடம் டி.என்.ஏ. லேப் என்று சொன்னால் விழிப்பார். ஸ்பிரிங் கம்பெனிக்குப் பக்கம் என்றால் கொண்டுவந்து இறக்குவார். கடைசி வரைக்கும் எங்கள் விலாசம் ஸ்பிரிங் கம்பெனிக்குப் பக்கம்தான்.

நான் ஷமீம் பானு. படித்தது பயோகெமிஸ்ட்ரி. பாதி வேலைக்காலம் மருந்துக் கம்பெனி குவாலிட்டி கன்ட்ரோலில் போனது, மீதி இந்த லேபில் இன்சார்ஜாக. போன வருடம் ரிட்டயர் ஆனேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் காரணம் இல்லாமல் வந்ததில்லை.

சிவசங்கர் சார் மதுரைப் பக்கத்துக்காரர். அதுவரை அவர் வேலை பார்த்ததெல்லாம் பிஸ்டன் ரிங் கம்பெனியில். ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்த்த யாருக்கும் ஃபைவ் எஸ் என்றால் தெரியும். தேவையானது, தேவையில்லாதது என்று பிரி, தேவையில்லாததை வெளியே தள்ளு என்பது அதன் முதல் பாடம். மிச்ச நாலு பாடங்களுக்கு அவர் போனதாக எனக்கு நினைவில்லை. சட்டைப் பாக்கெட்டில் எப்போதும் ஒரு கட்டு சிவப்புச் சீட்டு இருக்கும். சீட்டில் மூன்று வரி. பொருள் என்ன, இது எதற்கு, பொறுப்பாளர் யார். எதற்கு என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத பொருள், மஞ்சள் கோடு போட்ட மூலைக்குப் போகும். மாதக் கடைசியில் அங்கிருந்து ஸ்க்ராப்புக்கு.

"இது எதுக்கும்மா?" என்று ஸ்வெட்டரைக் காட்டிக் கேட்டார்.

"குளிருக்கு சார்."

"ரூமுக்குள்ள ஏசி, ஏசிக்கு ஸ்வெட்டரா? ஏசியைக் கொறச்சா ரெண்டும் மிச்சமாகும்ல?"

"ஏசியைக் குறைச்சா மெஷின் நின்னுடும் சார்."

யோசித்தார். சீட்டைப் பிய்த்து எடுத்துக்கொண்டு, "பெறகு பாப்போம்," என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார்.

அங்கே ஷேக்கர் மெஷினின் ஒரு காலுக்கு அடியில் பாதிச் செங்கல் ஒன்று இருந்தது. டி.என்.ஏ. லேபில் செங்கல் எதற்கு என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் செங்கல் மஞ்சள் மூலைக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் வந்து பார்த்தால், ஷேக்கர் ராத்திரி முழுக்க ஆடி ஆடி நடந்து, மேஜையின் விளிம்பில் வந்து நின்றிருந்தது. சார் அதைப் பார்த்தார். நேராக மூலைக்குப் போய், செங்கல்லைத் தன் கையாலேயே எடுத்துவந்து பழைய இடத்தில் வைத்தார். அன்றைக்கே அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்துவிட்டது. ஆனால் பாடம் செங்கல்லோடு முடியவில்லை.

2. ஈதான் நல்ல கம்பெனி

ஜெனிபர் என்று ஒரு ஆராய்ச்சி மாணவி, தூத்துக்குடிப் பக்கம் மீன்பிடிக் குடும்பத்துப் பெண், எங்களுக்குக் கடல் சாமந்தி அனுப்பியிருந்தாள். பூ இல்லை. கடலோரப் பாறையில் ஒட்டிக்கொண்டு, விரல் விரலாக நீட்டி ஆட்டிக்கொண்டிருக்கும் பிராணி. மூளை கிடையாது, எலும்பு கிடையாது, முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. வாய் ஒன்றுதான். உள்ளே போவதும் அதன் வழியாக, வெளியே வருவதும் அதன் வழியாக.

அந்தப் பார்சல் வந்து இறங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்குத்தான் ஜூஜுவாடியில் காதர் அண்ணன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார். காதர் அண்ணன் என் நாத்தனாரின் கணவர். பழைய இரும்பு, பழைய கம்ப்யூட்டர் எல்லாம் வாங்கும் ஸ்க்ராப் வியாபாரி. குடும்பமே கிளம்பிப் போனது. பார்சலில் இருந்த ஐஸ் உருகிவிட்டது என்று லேபிலிருந்து போன் வந்ததால் நான் இங்கே ஓடிவந்தேன். அதற்குப் பிறகு காதர் அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எதிரில் பார்த்தால் என்னை விட்டுவிட்டு எனக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்ப்பார்.

டேட்டா தயாரானதும் சிவசங்கர் சார் ரிப்போர்ட்டைப் புரட்டினார். புரட்டப் புரட்ட முகம் சுருங்கியது.

"என்னம்மா இது. இம்புட்டு எழுத்துல பாதிக்கு மேல எந்த வேலைக்கும் ஆகாதுங்குது?"

"புரதம் செய்யறதுக்கான குறிப்புதான் சார் ஜீன். ஆனா அது ஒரே ஓட்டமா இருக்காது. குறிப்புக்கு நடுவுல நடுவுல சம்பந்தமில்லாத எழுத்து நீளமா வரும். அதுக்குப் பேரு இன்ட்ரான். குறிப்பா இருக்கிற துண்டுக்குப் பேரு எக்ஸான்."

"நடுவுல அது கெடந்தா செல்லு எப்படி வாசிக்கும்?"

"முழுசையும் காப்பி எடுக்கும். இன்ட்ரானை வெட்டிப் போட்டுட்டு மிச்சத்தை ஒட்டிக்கும்."

"ரீவொர்க்," என்றார்.

"என்ன சார்?"

"இதுக்கு எங்க கம்பெனில பேரு ரீவொர்க்கும்மா. மொதல்லயே சரியா செஞ்சிருந்தா வெட்டுற வேலையும் இல்ல, ஒட்டுற வேலையும் இல்ல. ஒவ்வொரு தடவையும் இதேதானா?"

"ஒவ்வொரு தடவையும்தான் சார்."

"இந்தப் பிராணிக்கு யாரும் சொல்லிக் குடுக்கலையா?"

"பாறையில ஒட்டிக்கிட்டு இருக்கிறதுகிட்ட யார் சார் போய் சொல்றது? இது நம்ம உடம்புலயும் இப்படித்தான் நடக்குது."

தன் உடம்பில் ரீவொர்க் நடக்கிறது என்று கேட்டு அவர் நிஜமாகவே சங்கடப்பட்டார். அதோடு விட்டிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்காது. பழத்தில் மொய்க்கும் சின்ன ஈ, பரிணாமத்தில் வந்த வழியில் நிறைய இன்ட்ரானை உதிர்த்துவிட்டது என்றேன். கடல் சாமந்தி அப்படி உதிர்க்கவில்லை. அதன் ஜீனிலும் நம் ஜீனிலும் நிறைய இன்ட்ரான்கள் ஒரே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அப்படியென்றால் நமக்கும் அதற்கும் பொதுவாக, கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் கடலில் இருந்த ஏதோ ஒரு பிராணியிடமே அவை இருந்திருக்க வேண்டும். பார்க்க ஒன்றுமில்லாத பிராணிதான் பழைய சாமானைப் பத்திரமாக வைத்திருக்கிறது. ஜெனிபரின் ஆராய்ச்சியே இதுதான். தன் ஊர்ப் பாறையில் இருக்கும் சாமந்தி எதை வைத்திருக்கிறது, எதை விட்டிருக்கிறது என்று பார்க்கிறாள்.

சார் நான் சொன்னதை எல்லாம் கேட்டார். அவர் காதில் விழுந்தது ஒன்றுதான்.

"அப்ப ஈதான் நல்ல கம்பெனி," என்றார்.

அதன் பிறகு என்ன செய்தார் என்று கேளுங்கள். டேட்டா பார்க்கும் வினுதாவைக் கூப்பிட்டார். ஆனேக்கல்லிலிருந்து வரும் கன்னடப் பெண், வேலையில் கெட்டி. ஆர்டரில் ஜீன் என்றுதான் போட்டிருக்கிறது, ஜீனுக்கு வேலை புரதம் செய்வது, ஆகவே எக்ஸான்தான் பார்ட்டு, மற்றதெல்லாம் பேக்கிங் மெட்டீரியல், கஸ்டமருக்குப் பார்ட்டை மட்டும் அனுப்பு என்றார். கம்ப்யூட்டரில் இரண்டு ஃபோல்டர் போடச் சொன்னார். ஓகே என்று ஒன்று, ரிஜெக்ட் என்று ஒன்று. பிஸ்டன் ரிங்குக்கு எப்படியோ அப்படி.

நான் சத்தம் போட்டேன். அவரும் போட்டார். கடைசியில், "சரி, எதையும் அனுப்பல, நீங்க லீவு முடிஞ்சு வாங்க, பேசிக்கிருவோம்," என்றார். என் மகளுக்குப் பிரசவ நேரம். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் எனக்குக் கடல் சாமந்தியே மறந்துபோனது.

3. நடுவில் இருந்தது எங்கே

லீவு முடிந்து வந்த அன்று காலை, டீ டம்ளரை வாயில் வைக்கும்போது ஜெனிபரின் போன்.

"அக்கா, டேட்டா வந்துச்சுக்கா. ஆனா அதுல இன்ட்ரானே இல்லையே."

"இல்லையா?"

"எக்ஸான் மட்டும் அழகா வரிசையா இருக்கு. நடுவுல உள்ளது எங்கக்கா? நான் கேட்டதே அதத்தானே. மெயில்லயும் எழுதியிருந்தேன்லா."

கொஞ்ச நேரத்தில் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டு வினுதாவிடம் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"நான் சொன்னேன் மேடம். சார் கேக்கல. கஸ்டமருக்கு லேட் ஆகுதுன்னு ஓகே ஃபோல்டரை அனுப்பச் சொன்னார். ரிஜெக்ட் ஃபோல்டரும், மெஷின்ல இருந்து வந்த மொத்த டேட்டாவும் சும்னே எடத்தை அடைக்குதுன்னு சர்வர்ல இருந்து எடுக்கச் சொன்னார். அழிக்க மனசு வரல மேடம். பழைய ஹார்ட் டிஸ்க்ல போட்டு வச்சேன்."

"அந்த ஹார்ட் டிஸ்க் எங்க?"

வினுதா மஞ்சள் மூலையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மூலை துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தது. மாதக் கடைசி முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஃப்ரீசரில் மிச்சம் வைத்திருந்த டி.என்.ஏ. டியூப்களும் போயிருந்தன. வேலை முடிந்த டியூப் எதற்கு என்று அவற்றுக்கும் சீட்டு ஒட்டி, மருத்துவக் கழிவு வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

ஜெனிபரிடம் உள்ளதைச் சொன்னேன். திரும்பக் கொஞ்சம் சாம்பிள் அனுப்ப முடியுமா என்று கேட்டேன். மெதுவாகச் சொன்னாள்.

"அந்தப் பாறை இப்ப இல்லக்கா. படகுத்துறை கட்டுதோம்னு கல்லக் கொட்டி மூடிட்டாங்க. இந்த மாசம் தீசிஸ் குடுக்கலன்னா என் பதிவே போயிரும். மூணு வருஷமா அந்தப் பாறையில முட்டி தேய ஏறி எறங்கியிருக்கேன். எங்க அப்பா கடலுக்குப் போய்ட்டு வந்து தெனமும் கேப்பாங்க, எப்ப முடியும்னு. நான் என்னக்கா சொல்லுவேன்?"

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. நேராக மேனேஜர் ரூமுக்குள் போனேன். கதவைத் தட்டினேனா என்று நினைவில்லை.

"சார், கஸ்டமர் ஆர்டர் பண்ணினதே இன்ட்ரானைத்தான். நீங்க பார்ட்டைத் தூக்கி ஸ்க்ராப்புல போட்டுட்டு, பேக்கிங்கை அனுப்பி வச்சிருக்கீங்க."

அவருக்கு இதைவிடத் தெளிவாக யாரும் எதையும் சொல்லியிருக்க முடியாது. முகம் வெளுத்துவிட்டது. ஜெனிபரின் பாறையைப் பற்றியும் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, திரும்ப உட்கார்ந்து, திரும்ப எழுந்தார்.

"எனக்கும் கல்லூரில படிக்கிற பொண்ணு இருக்கும்மா," என்றார். "வாங்க, போவோம். போன மாச ஸ்க்ராப்பு ஜூஜுவாடிக்குத்தான் போச்சு. காதர் பாய்னு ஒருத்தர்."

இந்த முறை உட்கார்ந்தது நான்.

4. காதர் அண்ணன் கிடங்கு

காதர் அண்ணன் கிடங்கு, கர்நாடக எல்லை செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால், லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்தில் இருக்கிறது. நாங்கள் போனபோது அண்ணன் ஒரு போனில் கன்னடமும் இன்னொரு போனில் தெலுங்கும் பேசிக்கொண்டிருந்தார். கிடங்கு முழுக்கக் குவியல்கள். செம்பு ஒரு பக்கம், அலுமினியம் ஒரு பக்கம், சர்க்யூட் போர்டு ஒரு பக்கம், காந்தம் ஒரு தகர டப்பாவில். வாசலிலேயே நின்றுவிட்டார் சிவசங்கர் சார்.

"நம்ம லேபை விட நல்லா பிரிச்சு வச்சிருக்காரேம்மா," என்று என் காதில் சொன்னார். அந்த நேரத்திலும் அவருக்கு அதுதான் கண்ணில் பட்டது.

அண்ணன் போனை வைத்துவிட்டு சாரைப் பார்த்துச் சிரித்தார். என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தார்.

"வாங்க சார், உக்காருங்க. கூட வந்திருக்கவங்களையும் உக்காரச் சொல்லுங்க."

சார் என்னைப் பார்த்தார். எங்கள் உறவு அவருக்குத் தெரியாது. "உக்காருங்கம்மா," என்றார்.

"நான் நின்னுக்கிறேன்னு சொல்லுங்க சார்," என்றேன். எனக்கும் ரோஷம் இருக்கிறதே.

"நின்னுக்கிறாங்களாம்," என்றார் சார்.

"நிக்கட்டும். நான் பால் காய்ச்சின அன்னைக்கு ஊரே வந்து உக்காந்துச்சு சார். வரவேண்டிய ஒரு ஆளு மட்டும் வரல."

சார் மறுபடி என் பக்கம் திரும்பினார். "பால் காய்ச்சுனாங்களாம்மா?"

"அவங்களுக்குச் சொல்லுங்க சார். அன்னைக்குக் கடல்ல இருந்து ஒரு சாம்பிள் வந்துச்சு. ஐஸ் உருகிடுச்சு. அன்னைக்கே பிரிக்கலைன்னா கெட்டுப்போயிருக்கும். அதனாலதான் வரல."

"மீனா சார்?" என்று அண்ணன் கேட்டார்.

"மீனில்ல பாய். ஏதோ சாமந்தியாம். பாறைல ஒட்டிக்கிட்டு இருக்குமாம்."

"அதைச் சாப்பிடலாமா?"

"சாப்பிட முடியாதும்மா, இல்ல?" என்றார் சார், என்னிடம்.

"முடியாது சார்."

"முடியாதாம் பாய்."

அண்ணன் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டார். "சாப்பிட முடியாத சாமானுக்காக எங்க வீட்டு பிரியாணியை விட்டுட்டுப் போனாங்களா சார்? நான் இத்தனை நாளு வேற ஏதோ மனஸ்தாபம்னு நெனச்சிக்கிட்டு இருக்கேன்."

இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பித் திருப்பி சாருக்கு வலி எடுத்திருக்க வேண்டும். பிடரியைத் தடவிக்கொண்டே விஷயத்துக்கு வந்தார். போன மாதம் எங்கள் லேபிலிருந்து வந்த ஹார்ட் டிஸ்க் எல்லாம் எங்கே என்று கேட்டார்.

அண்ணன் கையைக் காட்டினார். மூலையில் ஒரு குவியல். எல்லாம் மூடி கழற்றப்பட்டு, காந்தம் பிடுங்கப்பட்டு, உள்ளே இருந்த வட்டத் தகடுகள் தனியாக அடுக்கப்பட்டு, வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தன. மூடிகளில் எங்கள் சிவப்புச் சீட்டு அப்படியே இருந்தது. சார் குனிந்து ஒரு மூடியை எடுத்துப் பார்த்தார். அவர் கையெழுத்துதான். 'இது எதற்கு' என்ற வரியில் அவரே கோடு போட்டிருந்தார். பொறுப்பாளர் என்ற இடத்தில் யார் பெயரும் இல்லை. மூடியைக் கீழே வைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

என் ரோஷமெல்லாம் போய்விட்டது.

"அண்ணே," என்று நேராகக் கூப்பிட்டுவிட்டேன். "அதுக்குள்ள ஒரு பொண்ணோட மூணு வருஷப் படிப்பு இருந்துச்சுண்ணே. திரும்ப எடுக்க முடியாது. அந்தப் பாறையே இல்லாம போச்சு."

அண்ணன் அப்போதும் சாரிடம்தான் சொன்னார்.

"சார், அவங்க பேரு போட்ட சாமானை நாங்க உடைக்கலன்னு சொல்லுங்க."

"என்னது பாய்?"

அண்ணன் குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தார். அதற்குள் செய்தித்தாளில் சுற்றி இரண்டு ஹார்ட் டிஸ்க். மேலே சிவப்புச் சீட்டு. இது எதற்கு என்ற இடத்தில் கோடு. பொறுப்பாளர் என்ற இடத்தில், சார் கையெழுத்தில், ஷமீம் பானு.

"பையன் சுத்தியை எடுத்துட்டான் சார். சீட்டைப் படிச்சேன். நம்ம வீட்டுப் பொம்பளப் பேரு எழுதியிருக்கு. அதை எப்படி சார் சுத்தியால அடிக்கிறது? உள்ள என்ன இருக்குன்னு எனக்கென்ன தெரியும். பேரு இருந்துச்சு, எடுத்து வச்சேன்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "அப்புறம் ஏண்ணே ஒரு போன் பண்ணல?" என்று கேட்டேன்.

"பேசறதில்லையே சார்," என்றார் அண்ணன், சுவரைப் பார்த்துக்கொண்டு.

5. கேட் பாஸ்

டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு ஓடலாம் என்று நான் திரும்பினால், சிவசங்கர் சார் பேனாவை எடுத்து நிற்கிறார்.

"கேட் பாஸ் இல்லாம மெட்டீரியலு வெளிய போகக் கூடாதும்மா."

"சார், இது அவரு கிடங்கு. கேட்டே கிடையாது."

"அதனாலதான் நான் எழுதுறேன்."

ஓசூரில் இத்தனை வருடம் வேலை பார்த்த மனிதரிடம் இதற்கு மேல் பேசிப் பயனில்லை. பையிலிருந்து கேட் பாஸ் புத்தகத்தை எடுத்தார். அவர் அதை வெளியிலும் எடுத்துச் செல்வார் என்று எனக்கு அன்றுதான் தெரியும். திரும்பி வரும் பொருளா, வராத பொருளா என்று அண்ணனைக் கேட்டார்.

"திரும்பி வரணும் சார்," என்றார் அண்ணன். "டிஸ்க்கு இல்ல. அந்தம்மா. ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வந்து சாப்பிட்டாத்தான் சாமானை விடுவேன்னு சொல்லுங்க. நீங்களும் வரணும்."

சார் அதையும் எழுதினார். காரணம் என்ற இடத்தில், 'தவறுதலாக ஸ்க்ராப் ஆன இன்ட்ரான்' என்று எழுதி, மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்கினார்.

லேபுக்கு வந்ததும் வினுதா முதல் டிஸ்க்கை மாட்டினாள். கிர்ரென்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. வினுதா வேறு கேபிளில் மாட்டினாள். அதிலும் வரவில்லை. சார் எங்கள் பின்னால் நின்று, சட்டைப் பாக்கெட்டில் இருந்த சீட்டுக்கட்டைக் கசக்கிக்கொண்டிருந்தார். இரண்டாவது டிஸ்க்கை மாட்டியபோது நான் திரையைப் பார்க்கவில்லை. வினுதாவின் முகத்தைத்தான் பார்த்தேன்.

"பந்து மேடம்," என்றாள். வந்துவிட்டது என்பதைக் கன்னடத்தில் சொல்லிவிட்டு, அவளே சிரித்தாள். "ரெண்டு டிஸ்க்லயும் ஒரே டேட்டாதான் போட்டு வச்சேன் மேடம். எதுக்கும் இருக்கட்டும்னு."

சார் அவளைப் பார்த்தார். ஒரே டேட்டாவை இரண்டு இடத்தில் வைப்பது அவர் பாஷையில் பெரிய குற்றம். சீட்டுக்கட்டைப் பாக்கெட்டுக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார்.

ஜெனிபரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். "வந்துருச்சும்மா," என்றதும், "எல்லாமாக்கா? நடுவுல உள்ளதுமா?" என்று கேட்டாள். நடுவில் உள்ளதும்தான் என்றேன். அந்தப் பக்கம் அவள் அழுவது நன்றாகக் கேட்டது. இந்தப் பக்கம் யாரும் அவளைத் தடுக்கவில்லை.

அவள் அழுது முடித்ததும் சார் போன் பக்கம் குனிந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்டார். ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்று கேட்டார்.

"ஏம்மா, அந்த இன்ட்ரான் நெசமாவே எதுக்கு?"

"சிலதுக்குள்ள, அந்த ஜீன் எப்ப வேல செய்யணும்னு சொல்லுத துண்டு இருக்கு சார். சிலது இருக்கதால ஒரே ஜீன வேற வேற மாதிரி வெட்டி ஒட்டி, வேற வேற புரதம் செய்ய முடியுது. பாதிக்கு மேல எதுக்குன்னு இன்னும் யாருக்கும் தெரியாது சார்."

"எதுக்குன்னு தெரியாமலா இம்புட்டு கோடி வருசம் வச்சிருக்கு?"

"ஆமா சார்."

சார் நிமிர்ந்தார். "பெரிய மனசுதாம்மா அதுக்கு," என்றார்.

6. ஞாயிற்றுக்கிழமையும் அதற்குப் பிறகும்

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போனோம், பிறந்த குழந்தையோடு. அண்ணன் என் தட்டில் தன் கையால் பிரியாணியை வைத்து, "சாப்பிடும்மா," என்றார். நேராக என்னிடம். நன்றாகவே சாப்பிட்டேன். சிவசங்கர் சார் கை கழுவப் போனவர், சமையலறைப் பரணில் இருந்த அண்டா, குண்டா, உடைந்த மிக்சி, ரேடியோப் பெட்டி எல்லாவற்றையும் நிமிர்ந்து பார்த்தார். கை தானாகச் சட்டைப் பாக்கெட்டுக்குப் போனது. நான் பார்த்த பார்வையில் அது வெறுங்கையாகவே வெளியே வந்தது.

"என்ன சார் தேடறீங்க?" என்று என் நாத்தனார் கேட்டார்.

"ஒண்ணுமில்லம்மா, கைக்குட்டை," என்றார் சார்.

ஜெனிபர் அந்த மாதமே தீசிஸைக் கொடுத்துவிட்டாள். அவள் ஊர்ச் சாமந்தி கிட்டத்தட்ட எதையும் உதிர்க்கவில்லையாம். நன்றி சொல்லும் பக்கத்தில் பெரிய பெரிய பேராசிரியர்களுக்குக் கீழே, 'ஜூஜுவாடி காதர் பாய்' என்று போட்டிருந்தாள். அண்ணன் அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு கிடங்கில் மாட்டியிருக்கிறார். எடை போட வரும் லாரிக்காரர்களிடம் கடல் சாமந்தியைப் பற்றி நான்கு மொழியில் விளக்குகிறார் என்று கேள்வி. விளக்கம் சரியா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு டியூபையோ ஃபைலையோ தூக்கிப் போடுவதற்கு முன்னால், இது எதற்கு என்று உங்களையே கேட்டுக்கொள்ளாதீர்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் அது உங்கள் குறை, பொருளின் குறை இல்லை. இது யாருடையது என்று கேளுங்கள். அந்த ஆளைத் தேடிப்போய் ஒரு வார்த்தை பேசுங்கள். காதர் அண்ணனுக்கு இன்ட்ரான் என்றால் என்னவென்று தெரியாது. பெயர் தெரிந்தது, அதுவே போதுமானதாக இருந்தது.

ரிட்டயர் ஆகி சில மாதம் கழித்து, ஒரு சர்டிபிகேட் வாங்க லேபுக்குப் போயிருந்தேன். என் இடத்தில் வினுதா உட்கார்ந்திருந்தாள். ஷேக்கருக்கு அடியில் செங்கல் இருந்தது. ஆணியில் என் ஸ்வெட்டர். கடைசி நாள் மாலை, பூச்செண்டு சந்தடியில் எடுக்க மறந்துபோயிருக்கிறேன். அதில் சிவப்புச் சீட்டு ஒன்று குத்தியிருந்தது. அடப்பாவி மனுஷா, திருந்தவே இல்லையா என்று பக்கத்தில் போய்ப் பார்த்தேன்.

புதுச் சீட்டு. வரிகளை மாற்றி அச்சடித்திருந்தார். முதல் வரி, இது யாருடையது. அதில் ஷமீம் மேடம் என்று எழுதியிருந்தது. இரண்டாவது வரி, இது எதற்கு. அதில், தெரியாது, இருக்கட்டும்.

ஸ்வெட்டரை நான் எடுத்துவரவில்லை. அங்கேயே இருக்கட்டும்.